ஓலையை மாற்றும் முன் படியுங்கள்: கிராமத்தில் அரசு வீடு வாங்குவது பற்றி

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் நான் படித்த தொடக்கப்பள்ளியில் இந்த வருஷம் 11 பிள்ளைகள். இருக்க வேண்டிய மற்ற பிள்ளைகள் திருப்பூரில், லைன் வீட்டில், பத்துக்குப் பத்து அறையில் அப்பா அம்மாவோடு இருக்கிறார்கள். மழை இல்லாமல் காடு விளையவில்லை என்று போனவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கல்யாணம் ஆனதும் படுக்க ஒரு ஒழுங்கான வீடு இல்லாமல் போனவர்கள். இப்போது பனியன் கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வருகிறது. வீடு இருந்தால் திரும்பி வருவேன் என்று சொல்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும், ஊரில் தங்கிவிட்ட அவர்களின் அப்பா அம்மாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முக்கியமாக இரண்டு திட்டங்கள். மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் 2024-25 பட்ஜெட்டில் வந்தது. வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மத்திய அரசின் பிரதமர் வீட்டுத் திட்டம் 2016 முதல் நடக்கிறது. சமவெளிக்கு ரூ.1.2 லட்சம், கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு மேலே ரூ.1.2 லட்சம் சேர்த்துத் தருகிறது. கழிப்பறைக்கு ரூ.12,000 தனி. ஆட்சி மாறினால் பெயர் மாறும், தொகை மாறும். கேட்கிற காகிதமும் அலையவிடுகிற விதமும் மாறி நான் பார்த்ததில்லை.

எங்கள் பெரியம்மா கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மண் சுவர், பனை ஓலைக் கூரை. ஐப்பசி மழையில் அடுப்புக்கு மேலேயே ஒழுகியது. தீபாவளிக்கு வந்த மகன் போனஸ் காசைப் போட்டு ஓலையைப் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போட்டுக் கொடுத்தான். இரண்டு மாதம் கழித்துக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். போனை நீட்டி ஒரு படம் எடுத்துவிட்டு, "ஷீட் போட்டுட்டீங்களேம்மா, இது குடிசைக் கணக்குல வராதுங்க" என்றார். "ஒழுகுதுன்னுதானுங் அம்மிணி போட்டோம்" என்றார் பெரியம்மா. பின்பக்கச் சுவர் விழாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் அந்தப் படத்தில் விழவில்லை. ஷீட்தான் விழுந்தது.

கனவு இல்லம் குடிசையில் இருப்பவருக்கு மட்டும்தான். குடிசை என்றால் கூரை ஓலையோ கீற்றோ புல்லோவாக இருக்க வேண்டும். ஷீட் போட்டால் முடிந்தது. ஆகவே மழைக்குத் தாங்கவில்லை என்றால் ஓலைக்கு மேலே தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டுங்கள். ஓலையைப் பிரிக்காதீர்கள். மத்திய திட்டத்தில் 'கச்சா', அதாவது உறுதியில்லாத வீடு என்றால்தான் புது வீடு; 'பக்கா', அதாவது உறுதியான வீடு என்றால் கிடையாது. அங்கேயும் ஷீட் கூரை பக்கா வீடுதான். ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு அங்கே ஒரு சின்ன இடைவெளி உண்டு: கையால் வனைந்த நாட்டு ஓடு கச்சா, மெஷினில் செய்த சீமை ஓடு பக்கா. கணக்கெடுக்க வருகிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு ஓட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

மத்திய திட்டத்தில் யார் யாரைக் கழிக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. டூவீலர், ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு வீடு இல்லை என்ற விதி 2024-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. இன்னும் "வண்டி வெச்சிருக்கீங்களே" என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். இன்னும் இருக்கிற விதிகளில் நம் பக்கத்தை அடிப்பவை இவை: வீட்டில் ஒருவர் மாதம் ரூ.15,000-க்கு மேல் சம்பாதிப்பது, ரூ.50,000 அல்லது அதற்கு மேல் வரம்புள்ள கிசான் கிரெடிட் கார்டு, இரண்டரை ஏக்கர் பாசன நிலம், தொழில் வரி.

தொழில் வரியைப் பலர் கவனிப்பதில்லை. நம் மாநிலத்தில் அரையாண்டு வருமானம் ரூ.21,000-ஐத் தாண்டினாலே அது உண்டு. மாதத்துக்கு ரூ.3,500 தான் கணக்கு. கம்பெனியில் சம்பளச் சீட்டு போடுகிற எந்தத் தையல்காரரும் அதைத் தாண்டிவிடுவார். மகன் அதே குடும்ப அட்டையில் இருந்தால் அவன் கட்டும் வரி அம்மாவின் வீட்டைத் தட்டிவிடும். கல்யாணமாகித் தனியே இருக்கும் மகன் தனி அட்டை வாங்கிக்கொள்வதுதான் முறை.

இதற்கு நேர் எதிரான தப்பையும் செய்கிறார்கள். அரிசி வாங்க வசதியாக இருக்கும் என்று அம்மாவைத் திருப்பூர் அட்டையில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து ஆவணப்படி அம்மா ஊரில் இல்லை. குடிசை மட்டும் இருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து எந்த ஊர் ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். முகவரியை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இந்த வீட்டுத் திட்டம் ஊரை விட்டுப் போனவனைத் திருப்பிக் கூப்பிடுவதற்காக எழுதப்பட்டதில்லை. ஊரிலேயே இருப்பவர் பெயரில்தான் வீடு வரும். திரும்பி வர நினைக்கிற மகன் அம்மா பெயரில் வருகிற வீட்டோடு ஒரு அறையைச் சேர்த்துக் கட்டுவதுதான் நடக்கிற காரியம்.

அடுத்தது பட்டா. அலைச்சலில் முக்கால்வாசி இங்கேதான். எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஆறேழு பேருக்குப் பட்டா தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் "பட்டா உங்க பேர்ல இல்லீங்க, தாலுக்கா ஆபீஸ்ல மாத்திட்டு வாங்க" என்பார்கள். தாலுக்காவில் வாரிசுச் சான்று கேட்பார்கள். சான்று வந்ததும் உட்பிரிவுக்கு நில அளவர் வர வேண்டும். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் வந்து அளந்து முடிக்கும்போது அந்த வருஷத்து ஒதுக்கீடு முடிந்திருக்கும். இன்னொரு வேடிக்கை: நான்கு பங்காளிகள் பெயரில் ஆறு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தால், கணினியில் உங்களுக்கும் ஆறு ஏக்கர் இருப்பதாகத் தெரியும். உங்கள் பங்கு ஒன்றரை ஏக்கர்தான் என்பதற்குப் பாகப் பத்திரத்தைக் காட்ட வேண்டியது நீங்கள்.

ஆகவே திட்டம் அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பட்டா மாற்றத்துக்கு இன்றைக்கே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

காலனியில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரிக் கஷ்டம். ஆதிதிராவிடர் நலத்துறை எப்போதோ கொடுத்த ஒப்படைப் பட்டா கையில் இருக்கும். லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அது வருவாய்த் துறையின் கிராமக் கணக்கில் ஏறியிருக்காது, ஆன்லைனில் தேடினால் வராது. சில இடங்களில் மனையை அளந்து கல்லே நட்டிருக்க மாட்டார்கள். கையில் பட்டா இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் இவர்கள்தான். வருஷா வருஷம் தாலுக்காவில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் வருவாய்த் துறை முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கும். பட்டா நகலை வைத்து "கிராமக் கணக்கில் ஏற்றித் தரவும்" என்று ஒரே வரியில் மனு கொடுங்கள். ஒரே மனுவில் ரோடு, விளக்கு, ஓய்வூதியம் என்று எல்லாவற்றையும் கலக்காதீர்கள்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக் குடிலில், நிலத்துக்காரரான பண்ணயத்துக்காரர் தயவில் குடியிருப்பவர்களுக்கு இந்த இரண்டு திட்டத்திலும் நேரடியாக இடமில்லை. நிலம் அவருடையது. இருபது வருஷம் அங்கேயே இருந்தாலும் கணக்கில்லை. முதலில் இலவச வீட்டுமனைப் பட்டா கேளுங்கள். கிராமத்தில் 3 சென்ட் வரை தரலாம். மனை கைக்கு வந்த பிறகுதான் வீடு.

1990-களில் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் கம்பி தெரிகிற கூரையின் கீழேதான் படுக்கிறார்கள். ஏற்கெனவே அரசு வீடு வாங்கியவர் என்று கனவு இல்லத்தில் சேர்க்க மாட்டார்கள். அதில் மோதி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2001-க்கு முன் கட்டி, பழுது பார்க்கவே முடியாத அரசு வீடுகளுக்கு முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் 2025-26-ல் தனியாக வந்தது. அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். சொல்லாவிட்டால் அலுவலகத்தில் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று ஓவர்சியர் வாயால் சொன்னதை நம்பி நல்ல நாள் பார்த்துக் குடிசையைப் பிரித்துவிடுகிறார்கள். வேலை உத்தரவு கையில் வராமல் ஒரு கடப்பாரை கூடப் போடாதீர்கள். பழைய குடிசையையும் காலி இடத்தையும் அவர்கள் போனில் படம் எடுத்தாக வேண்டும். அஸ்திவாரம் ஏற்கெனவே இருந்தால் அது பழைய கட்டடம், பணம் வராது. பணமும் மொத்தமாக வராது. ஒவ்வொரு கட்டம் முடிந்து படம் ஏறிய பிறகுதான் வரும். அதுவரை மேஸ்திரிக்கு உங்கள் கைக்காசு. எங்கள் பக்கம் சதுர அடிக்கு ரூ.2,000-க்குக் கீழே யாரும் கை வைப்பதில்லை. 360 சதுர அடிக்கு ரூ.7.2 லட்சம். அரசு தருவது அதில் பாதி கூட இல்லை. மிச்சத்துக்குக் கந்துவட்டி வாங்கினால் வீட்டை முடித்துவிட்டு மறுபடியும் திருப்பூருக்கே போக வேண்டியதுதான்.

வங்கிக் கணக்கையும் பாருங்கள். மத்திய திட்டத்துப் பணம் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அங்கே போய் விழும். கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்காகக் கூட அது இருக்கலாம். நிலுவைக் கடன் உள்ள கணக்கென்றால் வீட்டுப் பணத்தைக் கடனில் பிடித்துக்கொண்ட கதையும் உண்டு.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. "ஒரு இருபது ரூபா ஆகுமுங்க" என்று ஒருவர் சொன்னால் அது 20,000. கொடுத்தவர்களில் வீடு வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

கிராம சபை வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளிகள் பட்டியலை அங்கே வாசிக்க வேண்டும். நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அதற்குப் பிறகும் பழைய தலைவர் வீட்டுத் திண்ணையில் மனுவோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய தலைவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, மூன்றே கேள்வி எழுதுங்கள்: என் பெயர் கணக்கெடுப்பில் எத்தனையாவது எண், நீக்கியிருந்தால் காரணம் என்ன, எனக்குப் பின்னால் இருந்தவர்களில் யாருக்கு உத்தரவு கொடுக்கப்பட்டது. 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றாவது கேள்வி போன வாரமே என் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு வேலை செய்தது. பதில் வருவதற்கு முன்பே ஓவர்சியர் போன் செய்து, "எதுக்குங்க இதெல்லாம், நேர்ல வந்திருக்கலாமில்ல" என்றாராம். அவர் ஏழு தடவை நேரில் போனவர்.