குடியும் தாய்வழி, இழைமணியும் தாய்வழி

சம்மாந்துறைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறார். ராத்தாவின் (அக்காவின்) இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது நிரம்புமுன்பே மௌத்தாகிவிட்டார்கள். இரண்டாவது பிள்ளைக்கு மைட்டோகொண்ட்ரியா நோய் என்று டொக்டர்மார் சொன்னார்களாம். இப்போது இவருக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். தனக்கும் அப்படிப் பிள்ளை பிறக்குமா, மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்பது கேள்வி.

மைட்டோகொண்ட்ரியா, அதாவது பாடப்புத்தகத்து இழைமணி, கலத்துக்குச் சக்தி தருவது என்பது ஓ/எல் படித்த எல்லோருக்கும் தெரியும். கலத்தின் கருவில் (நியூக்ளியஸில்) உள்ள டி.என்.ஏ தவிர அதற்குச் சொந்தமாக ஒரு குட்டி டி.என்.ஏ உண்டு, மொத்தம் 37 பரம்பரையலகுகள் (ஜீன்கள்). தகப்பனின் விந்திலும் இழைமணி இருக்கிறது, ஆனால் முட்டைக்குள் போனதும் அது அழிக்கப்பட்டுவிடுகிறது. மிஞ்சுவது தாயுடையது மட்டும். மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு இது புதுக்கதையே இல்லை, தமிழரோ முஸ்லிமோ இங்கே பிள்ளை தாயின் குடிதான், குடி என்பது தாய்வழியில் வரும் வம்சப் பிரிவு.

உடனே யாராவது "அப்பவே நம்முடைய மூதாதையர்..." என்று தொடங்குவார்கள். சும்மா இருங்கள். ஒரே குடிக்குள் கட்டக்கூடாது என்ற வழக்கம் இந்த நோயை ஒரு துளியும் தடுக்காது, ஏனென்றால் குடியில் பிறந்த பெண் எந்தக் குடிக்காரரைக் கட்டினாலும் அவருடைய இழைமணிதான் பிள்ளைக்குப் போகும், ஆண் எந்தக் குடி என்பது இதில் கணக்கிலேயே இல்லை.

இதில் என்னை மயக்குவது வேறோர் இடம். ஒரு கலத்தில் கருவின் டி.என்.ஏ இரண்டே பிரதி. இழைமணி டி.என்.ஏ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கிடக்கும், முதிர்ந்த முட்டையில் இலட்சத்துக்கும் மேல். அதில் பழுதானவையும் நல்லவையும் கலந்திருக்கலாம். பழுது ஏறக்குறைய 60, 80 சதவீதத்தைத் தாண்டும்வரை கலம் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது, தாண்டினால் மூளை, இதயம், தசை என்று சக்தியை அதிகம் தின்கிற இடங்கள்தான் முதலில் விழும். இழைமணி டி.என்.ஏயின் 8993ஆம் இடத்தில் தைமின் என்ற எழுத்துக்குப் பதில் குவானின் என்ற எழுத்து வந்த ஒரு பிழையை எடுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் லீ நோய், குழந்தைப் பருவத்திலேயே மூச்சு நின்றுவிடும். 70க்கும் 90க்கும் இடையில் என்றால் நடைத் தள்ளாட்டம், பார்வைக் குறைவு. அதற்குக் கீழே பலர் ஒன்றும் தெரியாமலே பேரப்பிள்ளை காண்கிறார்கள்.

சரி, சுகமாக இருக்கும் தாய்க்கு ஏன் அப்படிப் பிள்ளை? முட்டையாகப் போகும் கலங்கள், அந்தத் தாயே தன் தாயின் வயிற்றில் இருக்கும்போது உருவாகிறவை. அந்தக் கட்டத்தில் அவற்றின் இழைமணி டி.என்.ஏ சில நூறாகச் சுருங்கி, அதிலிருந்து மறுபடி இலட்சமாகப் பெருகுகிறது. சிவப்பு நெல்லும் வெள்ளை நெல்லும் கலந்த சாக்கில் கைவிட்டு ஒரு சின்னப் பிடி அள்ளி, அதை மட்டும் விதைத்து வயல் முழுக்க விளைவிப்பது மாதிரி. சாக்கில் சிவப்பு 30 பங்குதான் என்றாலும் ஒரு பிடியில் பாதிக்குமேல் வந்து விழலாம், அடுத்த பிடியில் பெயருக்கு நாலு மணி. ராத்தாவும் தங்கச்சியும் ஒரே சாக்கின் இரண்டு பிடிகள். அதனால் ராத்தாவுக்கு நடந்தது இவருக்கும் நடக்கும் என்றும் சொல்ல முடியாது, நடக்காது என்றும் சொல்ல முடியாது.

இதற்கு வழி தேடித்தான் பிரிட்டன் 2015இல் சட்டம் இயற்றியது. கருவுற்ற முட்டையிலிருந்து தாய் தகப்பனின் டி.என்.ஏயை எடுத்து, கரு நீக்கிய இன்னொரு பெண்ணின் முட்டையில் வைப்பது. இந்த முறையில் 8 குழந்தைகள் பிறந்ததை நியூகாசில் குழு 2025 ஜூலையில் அறிவித்தது. 2016இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, செய்வதானால் ஆண் குழந்தையாகும் கருக்களில் மட்டும் செய்யுங்கள் என்றது, ஆணோடு அந்த இழைமணி நின்றுவிடுமல்லவா. பெண் கருவை ஒதுக்குவதா என்று அதற்கும் எதிர்ப்பு. நம் ஊரில் என்றால் முதல் சண்டை வேறு: பிள்ளை எந்தக் குடி, பெற்றவளுடையதா, முட்டை தந்தவளுடையதா? பெற்றவளுடையதுதான் என்பேன். குடி என்பது கோயில் நிர்வாகியான வண்ணக்கரும் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காயரும் வைத்திருக்கும் கணக்கு, அதை முடிவுசெய்வது 37 பரம்பரையலகுகளின் வேலையில்லை.

இலங்கையில் நிலைமை அதைவிட இறுக்கம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பு, பிள்ளை பிறந்து சில மாதத்தில் போய்விடும் என்று தெரிந்தாலும் கிடையாது. அப்போ வயிற்றில் இருக்கும்போதே சோதித்து என்ன செய்வது? தாய்வழி நோய் என்று அறிவியல் சொன்னதும் "ராசி இல்லாதவள்" என்றவர்களுக்கு ஒரு ரிப்போர்ட்டும் கையில் கிடைத்துவிடும், எனக்கு இதுதான் அதிகப் பயம். பல கோடிக்கு இயந்திரம் வாங்குமுன், இந்தச் சதவீதக் கணக்கைத் தமிழில் பொறுமையாகச் சொல்ல ஆள் வைக்கக் காசு ஒதுக்கலாம்.

தங்கச்சி, கட்டப்போகிறவருக்குச் சொல்லுங்கள், பிள்ளை அவருக்கும்தானே. வீட்டார் முழுக்கக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, ராத்தாவின் ரிப்போர்ட் ராத்தாவுடையது. ஆனால் அதற்கு முன் ராத்தாவிடம் அனுமதி கேட்டு, பிழை எந்த டி.என்.ஏயில் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் மைட்டோகொண்ட்ரியா நோய்களில் பெரும்பாலானவை கருவின் டி.என்.ஏ பிழைகள்தான், பெரும்பாலும் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வருபவை. 2017இல் லண்டனில் வென்டிலேட்டரை நிறுத்துவதா என்று நீதிமன்றம்வரை போன சார்லி கார்ட் என்ற குழந்தைக்கு இருந்ததும் அந்த வகைதான். அப்படி என்றால் மேலே சொன்ன தாய்வழிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, கட்டப்போகிறவரையும் சோதிக்க வேண்டும். குடி வேறு என்பதற்காக மாமி மகனுக்கு விலக்கு இல்லை, பெரியம்மா மகனைப் போலவே அவரும் உங்களோடு எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏயைப் பகிர்ந்துகொள்கிறவர். மாப்பிள்ளை சொந்த மச்சானா, அதையும் எழுதுங்கள்.