தீர்ப்பு கேட்டு வருகிறவர்கள்

"நீங்களே சொல்லுங்கள் மேடம், யார்மேல் தப்பு?" ஆலோசனைக்கு வரும் தம்பதிகளில் பாதிப்பேர் உட்கார்ந்த கையோடு இதைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் சண்டைகளைத் தேதிவாரியாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வருகிறவர்களும் உண்டு. கல்யாணம் பேசி முடித்த பெரியவர்களே பஞ்சாயத்தும் பண்ணிவைத்த ஊர் இது. அந்தப் பழக்கம் எளிதில் போகாது. தீர்ப்புதான் வேண்டுமென்றால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. உளவியல் ஆலோசகரான எனக்கு வேறு வேலை.

அடையாளங்களை மாற்றி ஒரு வீட்டைச் சொல்கிறேன். கணவருக்கு ஓ.எம்.ஆர். சாலையில் வேலை. இரவு ஒன்பது மணிக்கு அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்திவிட்டு, அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். கார் நுழைவதை மனைவி பால்கனியிலிருந்து பார்த்துவிடுவார். தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார், அணைப்பார், மறுபடி வைப்பார். கணவர் மேலே வந்ததும், "இவ்வளவு நேரம் கீழே என்ன செய்தீர்கள்?" பதில் வராது. குரல் உயரும். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

காரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஒன்றும் செய்வதில்லை. மேலே போனதும் என்ன கேட்பாளோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன்" என்றார். மனைவி சட்டென்று திரும்பினார்: "கேட்டால்கூட வாய் திறக்காதவர், கேட்காவிட்டால் எப்போது பேசுவீர்கள்?" இவர் ஒளிவதால் அவர் கேட்கிறார், அவர் கேட்பதால் இவர் ஒளிகிறார். இந்தச் சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி செய்வதில்தான் என் உழைப்பில் பெரும்பகுதி போகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், உறவை அரிக்கும் பழக்கங்களாக நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறை கூறுவது, ஏளனம், எதற்கும் தற்காத்துப் பேசுவது, மௌனச் சுவர் எழுப்புவது. ஏளனமே மிகக் கொடியது என்கிறார். நம் வீடுகளில் அது "உங்கள் அம்மா வளர்த்த லட்சணம் தெரிகிறதே" என்று வரும். கோபத்தில் நெஞ்சு படபடக்கும்போது எந்த அறிவுரையும் காதில் ஏறாது. குறைந்தது 20 நிமிடமாவது பேச்சை நிறுத்துங்கள் என்பேன். ஆனால் "பிறகு பார்க்கலாம்" என்று எழுந்து போகக் கூடாது. "பத்து மணிக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

தொடக்கத்திலேயே இருவரையும் தனித்தனியாகவும் பார்ப்பேன். அடி உண்டா, மிரட்டல் உண்டா என்பதை அப்போதுதான் கேட்க முடியும். உண்டு என்றால், சேர்த்து உட்காரவைத்துப் பேசுவதை அங்கேயே நிறுத்திவிடுவேன்; இங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்பது அந்த இடத்தில் அறிவுரையே கிடையாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

சில வேளைகளில் சண்டைக்குப் பின்னால் நோய் இருக்கும். எதற்கெடுத்தாலும் எரிச்சல், தூக்கமின்மை, பிடித்த எதிலும் நாட்டமின்மை என்று இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். ஆண்கள் பலர் அதைச் சோகம் என்று சொல்வதில்லை. "கோபம் வருகிறது" என்பார்கள். பிரசவமான பெண்ணுக்கு வந்தால் "சோம்பேறி" என்று பெயர் வைத்துவிடுகிறோம். இவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். தைராய்டு பரிசோதனையும் தேவைப்படலாம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும்; பத்தாம் நாளே "பலனில்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

"கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லையே வசவாக்கிய நகரம் நம்முடையது. 1794இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளிகளுக்கும் சிகிச்சை உண்டு என்பதை வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"என் பையன் என்னம்மா சொன்னான்?" என்று தாய்மார்கள் போன் செய்வார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனாலும் சொல்ல மாட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டும் விதிவிலக்கு. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் என்னிடம் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சிநேகா அமைப்பும் இருக்கிறது.

துணை வர மறுக்கிறாரா? தனியாகவே வாருங்கள். சுற்றில் ஒருவர் தன் போக்கை மாற்றினாலும், மற்றவர் பழைய போக்கிலேயே தொடர்வது கடினமாகிவிடும்.