கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது?

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் தொழில். கப்பல் வரும் செய்தி வந்தாலே, மாமல்லபுரத்துச் சிற்பக் கடைக்காரர்கள் போன் செய்வார்கள்: "ஆயிரம் பேர் வர்றாங்களாமே, எவ்வளவு சரக்கு எடுத்து வைக்கட்டும்?" நான் சொல்வது ஒன்றுதான். தலையை எண்ணாதீர்கள், நேரத்தை எண்ணுங்கள்.

காலை 7 மணிக்குக் கப்பல் வந்தாலும், சோதனைகள் முடிந்து பேருந்தில் ஏற எட்டரை ஆகிவிடும். மாமல்லபுரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போய்ச் சேரப் பத்தரை. மாலை 4 மணிக்குள் கப்பலேற வேண்டும் என்றால் ஒன்றரைக்கே திரும்ப வேண்டும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, நடுவில் சாப்பாடு. கடைக்கு மிஞ்சுவது இருபது நிமிஷம். ஆளுயர நந்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, பைக்குள் அடங்கும் பிள்ளையாரை வாங்குவார்கள். ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) நெரிசலில் அந்த இருபது நிமிஷமும் போயிற்று. எங்களை நம்பிக் கூடுதல் ஆள் போட்டிருந்த கடைக்காரர் அன்று என்னிடம் பேசவே இல்லை.

கப்பலிலேயே சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். கப்பல் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி நமக்கு வரும்.

யாரும் கணக்கில் எடுக்காதவர்கள் கப்பல் ஊழியர்கள். இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைத்தால் பர்மா பஜார் பக்கம் வந்து சிம், சோப்பு, மாத்திரை வாங்குவார்கள். என் அனுபவத்தில், பேரம் குறைவு, வாங்குவது நிச்சயம்.

வந்து போகும் துறைமுகத்தைவிட, பயணம் தொடங்கும் துறைமுகத்துக்குத்தான் லாபம். 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட ஆரம்பித்தது. வெளியூர்க்காரர் முந்தின நாளே வந்தால் அறை, ஆட்டோ, இரவுச் சாப்பாடு எல்லாம் இங்கேதான். கப்பலுக்குக் காய்கறியும் இங்கே ஏற்றலாம்.

அதே கப்பல் 2023 ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போயிற்று. காங்கேசன்துறையில் இறங்கினால் மாவிட்டபுரம் கோயிலும் கீரிமலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. பேருந்தில் கரையும் நேரம் அங்கே கடைக்குக் கிடைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கூட்டம் பெருகினால் வேறு தலைவலி. சுமார் 32,000 பேர் வாழும் அலாஸ்காவின் ஜூனோ நகரில், 2024 முதல் ஒரு நாளைக்கு 5 பெரிய கப்பல்கள்தான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். நாம் அந்த நிலைக்கு வர இன்னும் வெகு தூரம்.

சரி, கடை வைத்திருப்பவர்களுக்கு: கடன் வாங்கிப் பெரிய சிலைகளை அடுக்காதீர்கள். இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும், விலைச் சீட்டு ஒட்டியிருக்கட்டும், கார்டு மெஷின் வேலை செய்யட்டும். கிளம்பும் நேரம் தெரிந்ததும் நானே போன் செய்கிறேன்.