தூங்கத் தெரிந்த சென்சார்

வைஃபை வசதி கொண்ட குட்டிக் கணினிச் சிப்பான இஎஸ்பி32 இருக்கும் போர்டில் வெப்பநிலை சென்சார் ஒன்றை மாட்டி, அளவை வைஃபை வழியாக அனுப்பவும் வைத்துவிட்டார் ஒரு வாசகர். யுஎஸ்பி கேபிளில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரிக்கு மாற்றினால் மறுநாளே அணைந்துவிடுகிறது. விற்பனைக்கு வரும் வயர்லெஸ் சென்சார்கள் மட்டும் எப்படி ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கின்றன, உள்ளே வேறு ஏதாவது சிப் இருக்கிறதா என்று கேட்கிறார்.

அவற்றில் பலவற்றில் வைஃபையைவிடச் சிக்கனமான ரேடியோ இருப்பது உண்மைதான். ஆனால் கையில் இருக்கும் அதே இஎஸ்பி32-ஐ வைத்தே ஒரு வருடத்தைத் தாண்டலாம். ஐஓடி, அதாவது இணையத்தோடு பேசும் கருவிகள் செய்யப் பழகுபவர்கள் சென்சாரிலிருந்து எண்ணைப் படிப்பதையும், ரூட்டரோடு இணைவதையும், அந்த எண்ணைக் கைப்பேசித் திரையில் பார்ப்பதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். மாதிரி நிரல்கள் எங்கும் கிடைக்கின்றன. இந்தக் கருவி எப்போது, எவ்வளவு நேரம், எப்படித் தூங்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் கணக்கு. வைஃபையை இயக்கி வைத்திருக்கும் இஎஸ்பி32 ஏறக்குறைய 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். தரவை அனுப்பும் நொடித்துளிகளில் அது 240 வரை எகிறும். 2,500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட நல்ல பேட்டரியில் 2,000 வரைதான் பயன்படும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 2,000-ஐ 100-ஆல் வகுத்தால் 20 மணி நேரம். வாசகரின் பேட்டரி மறுநாளே தீர்ந்ததில் வியப்பில்லை. (9,900 என்று உறையில் அச்சிட்ட 18650 பேட்டரியை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அந்த அளவு உருளைக்குள் 3,500-ஐ ஒட்டித்தான் அடைக்க முடிகிறது. 9,900 என்று போட்டிருந்தால் அது வெறும் அச்சு.)

அறையின் வெப்பநிலை ஒரு நொடியில் மாறிவிடுவதில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். அப்படியானால் இடைப்பட்ட நேரத்தில் சிப் என்ன செய்ய வேண்டும்? நிரலில் டிலே கட்டளை போட்டுக் காத்திருக்க வைப்பது முதலில் தோன்றும் வழி. அதனால் பயனில்லை. டிலே ஓடும்போதும் ரேடியோ விழித்தபடிதான் இருக்கும், கடிகாரத் துடிப்பும் நிற்காது.

டிஜிட்டல் சுற்று இரண்டு வழிகளில் மின்சாரத்தைச் செலவழிக்கிறது. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் 0-க்கும் 1-க்கும் இடையே மாறும்போது ஒரு நுண்ணிய மின்தேக்கி நிரம்பிக் காலியாகிறது. நொடிக்கு 24 கோடி முறை துடிக்கும் கடிகாரத்தின் கீழ் இது நடப்பதால் செலவு அதிகம். கடிகாரத்தை நிறுத்திவிட்டால் இந்தச் செலவு உடனே நின்றுபோகும். இரண்டாவது செலவு கசிவு. குழாயை மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதுபோல, அணைந்த நிலையில் இருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும் துளி மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றில் அது ஒன்றுமேயில்லை. ஆனால் 520 கிலோபைட் நினைவகத்தில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் உள்ளன. இந்த ஒழுகலை நிறுத்த ஒரே வழி, தெருவில் இருக்கும் வால்வையே மூடுவதுதான்.

இஎஸ்பி32-இல் இரண்டு வசதிகளும் உள்ளன. லைட் ஸ்லீப்பில் கடிகாரம் நிற்கிறது, நினைவகத்துக்கு மின்சாரம் தொடர்கிறது. செலவு சுமார் 0.8 மில்லி ஆம்பியர். டீப் ஸ்லீப்பில் வால்வையே மூடிவிடுகிறார்கள். இரண்டு செயலிகள், பெரிய நினைவகம், வைஃபை, புளூடூத் எல்லாவற்றுக்கும் சிப்பின் உள்ளேயே மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ஆர்டிசி என்ற ஒரு சிறு பகுதி மட்டும் உயிரோடு இருக்கிறது. அதில் மெதுவாகத் துடிக்கும் ஒரு கடிகாரமும், நேரம் எண்ணும் ஒரு கவுண்டரும், 8 கிலோபைட் நினைவகமும் உண்டு. செலவு ஏறத்தாழ 10 மைக்ரோ ஆம்பியர். விழித்திருக்கும் நிலையோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! கையில் அடங்கும் ஒரு மலிவான சிப், தன் உடலின் பெரும்பகுதியைத் தானே அணைத்துவிட்டு, அதைத் திரும்ப எழுப்ப ஒரு சிறு மூலையை மட்டும் காவலுக்கு வைப்பது மின்னணுவியலின் மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்று.

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. நினைவகத்துக்கு மின்சாரம் போய்விட்டதால், எழும்போது சிப்புக்கு முன்பு நடந்தது எதுவும் தெரியாது. விட்ட இடத்திலிருந்து தொடராமல், ரீசெட் பட்டனை அழுத்தியதுபோல நிரலின் முதல் வரியிலிருந்து ஓடும். ஆர்டுவினோ மென்பொருளில் நிரல் எழுதுபவர்கள் வேலையை எல்லாம், தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் செட்டப் பகுதியிலேயே முடித்து, அதன் கடைசி வரியில் தூங்கச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப ஓடுவதற்கான லூப் பகுதி ஒருபோதும் ஓடாது. எண்ணிக்கை வைக்கும் மாறி ஒவ்வொரு முறையும் பூஜ்யமாகிறதே என்று குழம்புகிறவர்கள், அந்த மாறியை ஆர்டிசி நினைவகத்தில் வைக்கும்படி அறிவித்தால் போதும். பழைய இஎஸ்பி8266 போர்டு வைத்திருப்பவர்கள் டி0 பின்னை ரீசெட் பின்னோடு ஒரு வயரால் இணைக்க வேண்டும். டைமர் எழுப்புவது அந்த வயர் வழியாகத்தான். இணைக்காவிட்டால் தூங்கியது தூங்கியபடியே கிடக்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டு பேட்டரியில் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி தீர்ந்துபோகிறது. பலர் இங்கேதான் சிப் தரவுத்தாளின் மேல் நம்பிக்கை இழக்கிறார்கள். தரவுத்தாளில் பிழை இல்லை. அது சிப்பைப் பற்றிப் பேசுகிறது, நாம் வாங்கியது போர்டு. பல டெவலப்மென்ட் போர்டுகளில் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாகக் குறைத்துச் சீராக வைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், யாருக்கும் மின்சாரம் கொடுக்காமல் சும்மா இருக்கும்போதே 5 மில்லி ஆம்பியர் அளவுக்குத் தானே தின்னும். மின்சாரம் இருப்பதைக் காட்டும் சிவப்பு எல்இடி ஒரு மில்லி ஆம்பியரைத் தொடும். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 144 மில்லி ஆம்பியர் மணி. சிப் தூங்கும் செலவோ நாளுக்கு கால் மில்லி ஆம்பியர் மணிகூட இல்லை.

அதனால் பேட்டரிக் கருவிக்கு டெவலப்மென்ட் போர்டு வேண்டாம். வெறும் இஎஸ்பி32 மாட்யூலை எச்டி7833 போன்ற, சில மைக்ரோ ஆம்பியரில் அடங்கும் ரெகுலேட்டரோடு இணைக்கலாம். அது 500 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். எம்சிபி1700 இன்னும் சிக்கனமானது, ஆனால் 250-தான் அதன் எல்லை. வைஃபை எகிறும்போது விளிம்பில் நிற்கும். எதுவானாலும் மாட்யூலின் 3.3 வோல்ட் பின்னுக்கு மிக அருகில் 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று அவசியம். அது இல்லையென்றால் வைஃபை தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, சிப் அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் பிரவுன்அவுட் என்ற சொல்லோடு சிப் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். புதியவர்கள் நிரலில் பிழை தேடி நாள்களை வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பாதியாக்கிச் சிப் படிப்பதற்காக நாம் வைக்கும் இரண்டு மின்தடைகளிலும் கவனம் வேண்டும். 100 கிலோ ஓம் இரண்டைத் தொடராக வைத்தால் 4.2 வோல்ட்டில் 21 மைக்ரோ ஆம்பியர் சதா ஓடும். தூங்கும் சிப்பைவிட இரு மடங்கு! ஒரு மெகா ஓம் இரண்டை வைத்து, நடுப்புள்ளியிலிருந்து தரைக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போட்டால் 2 மைக்ரோ ஆம்பியரில் முடிந்துவிடும். அந்த நடுப்புள்ளியை ஜிபிஐஓ 32 முதல் 39 வரையுள்ள பின்களில் ஒன்றில் இணைக்க வேண்டும். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது படிக்காது.

சென்சாருக்கு பிஎம்இ280 பொருத்தமானது. ஃபோர்ஸ்டு மோடில் வைத்தால் ஒருமுறை அளந்துவிட்டு 0.1 மைக்ரோ ஆம்பியரில் தானும் தூங்கிவிடும். டிஎச்டி22 வேலை செய்யும், ஆனால் இரண்டு நொடிக்கு ஒரு அளவுதான் தரும். அதற்காகச் சிப் காத்துக்கிடப்பது வீண். எந்தச் சென்சாரானாலும் வைஃபையை எழுப்புவதற்கு முன்பே படித்துவிடுங்கள். ரேடியோ சூடேறினால் பக்கத்தில் இருக்கும் சென்சார் அறையின் வெப்பத்தை விட்டுவிட்டு போர்டின் வெப்பத்தைச் சொல்லும். தூங்கும் கருவி சிக்கனமாக மட்டுமல்ல, சரியாகவும் அளக்கிறது.

இப்போது மிச்சம் இருக்கும் செலவு விழிப்பு. சாதாரண நிரலில் எழுந்து, ரூட்டரைத் தேடி, இணைந்து, முகவரி வாங்கி, அனுப்பி முடிக்க 5 நொடி ஆகலாம். சராசரி 120 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு விழிப்புக்கு 0.167 மில்லி ஆம்பியர் மணி. நாளுக்கு 96 விழிப்பு, 16 மில்லி ஆம்பியர் மணி. பேட்டரி நான்கு மாதம் வரும்.

இந்த 5 நொடியில் பெரும்பகுதி தெரிந்ததையே திரும்பத் தேடுவதில் போகிறது. ரூட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது, பிறகு ஐபி முகவரி கேட்டுக் காத்திருக்கிறது. முதல் முறை கிடைத்த சேனல் எண்ணையும் ரூட்டரின் வன்பொருள் முகவரியையும் ஆர்டிசி நினைவகத்தில் எழுதி வைத்து, ஐபி முகவரியையும் நிலையாகக் கொடுத்துவிட்டால், ஒரு நொடிக்குள் எல்லாம் முடியக்கூடும். நாளுக்கு 3.2 மில்லி ஆம்பியர் மணி. ரெகுலேட்டரையும் சேர்த்துத் தூக்கச் செலவு 0.36. மொத்தம் 3.6-க்கும் குறைவு. 2,000-ஐ வகுத்துப் பாருங்கள், ஒன்றரை வருடம். ரூட்டர் சேனலை மாற்றிக்கொண்டால் இந்தக் குறுக்குவழி தோற்கும். அப்போது பழையபடி முழுத் தேடல் நடக்கும்படி நிரலில் வழி வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு காப்பு இதைவிட முக்கியம். இணையும்வரை காத்திரு என்று எல்லையில்லாமல் சுற்றும் வரி பெரும்பாலான மாதிரி நிரல்களில் உண்டு. ஒரு நாள் முழுக்க ரூட்டர் அணைந்திருந்தால் போதும், ஒன்றரை வருடப் பேட்டரி அதற்குள் காலி. 10 நொடிக்குள் இணையவில்லையென்றால் விட்டுவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். அளவு வீணாகாது. எட்டு பைட்டில் ஒரு அளவு அடங்கும், ஆர்டிசி நினைவகத்தில் நூற்றுக்கணக்கில் சேர்த்து வைக்கலாம்.

அப்படிச் சேர்க்க முடியும் என்றால் ஒவ்வொரு முறையும் ஏன் அனுப்ப வேண்டும்? 15 நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை இல்லாமல் எழுந்து அளந்து, நான்காவது முறை மட்டும் நான்கையும் சேர்த்து அனுப்பட்டும். வைஃபை இல்லாத விழிப்பு 0.3 நொடி, 40 மில்லி ஆம்பியர் என்று போட்டால், நாளின் மொத்தச் செலவு 1.4 மில்லி ஆம்பியர் மணியாகிறது. லித்தியம் பேட்டரி சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்கு 2 சதவீதம் போல இழக்கும். 2,500-க்கு அது நாளுக்கு 1.6-க்கும் மேல். அதாவது நம் கருவி குடிப்பதைவிட பேட்டரி தானாக இழப்பது அதிகம்! இதற்கு மேல் நிரலைச் சீராக்கி அதிகம் மிச்சம் பிடிக்க முடியாது.

இவற்றை நம்பாமல் அளந்து பார்க்க ஒரு மல்டிமீட்டர் வேண்டும். பள்ளி ஆய்வகங்களுக்கு பளபளக்கும் ரோபோ கிட்டுகள் வாங்குவதற்கு முன், மாணவர் இருவருக்கு ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளக்கத் தெரிந்த பிள்ளைக்கு கிட் தேவைப்படாது. மீட்டரை மைக்ரோ ஆம்பியர் வரம்பில் வைத்துத் தொடரில் இணைத்தால் சிப் எழும்பவே எழும்பாது. அந்த வரம்பில் மீட்டரின் உள்மின்தடை 100 ஓம் போல இருக்கும், வைஃபையின் மின்னோட்டம் அதன் வழியே போக வழியில்லை. மீட்டரின் இரு முனைகளையும் ஒரு ஜம்பர் வயரால் இணைத்து வையுங்கள். சிப் தூங்கிய பிறகு வயரை எடுத்துவிட்டுப் படியுங்கள், எழுவதற்கு முன் திரும்ப மாட்டுங்கள்.

தூங்கும் கருவிக்கு நாம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் எப்படி? 15 நிமிடத்தை 5 ஆக்கு என்று அனுப்பும்போது அது காது கொடுக்கும் நிலையில் இருக்காது. கருவிகள் நடுவில் ஒரு சர்வரை வைத்துச் செய்தி பரிமாறும் எம்கியூடிடி நெறிமுறையில் இதற்குத் தயாராக விடை இருக்கிறது. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது அது. சிக்கனம் அதன் பிறவிக்குணம், ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் வரும் ஹெட்டர் பகுதி 2 பைட்டில்கூட முடிந்துவிடும். ரீட்டெய்ன் என்று குறித்து ஒரு செய்தியை அனுப்பினால், நடுவில் இருக்கும் புரோக்கர் என்ற சர்வர், அந்தச் செய்திக்கு நாம் கொடுத்த தலைப்பின் கடைசிச் செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கும். கருவி எழுந்து அந்தத் தலைப்பைக் கேட்ட உடனே கொடுத்துவிடும். அமைப்புகளை எல்லாம் இப்படியே அனுப்புங்கள். இரண்டு கருவிகளுக்கு ஒரே கிளையண்ட் பெயர் வைத்துவிடாதீர்கள், ஒன்று உள்ளே வரும்போது மற்றதைப் புரோக்கர் வெளியே தள்ளிவிடும். புரோக்கருக்குக் கடவுச்சொல் போடுங்கள், எம்கியூடிடி பயன்படுத்தும் 1883 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்துப் போட்டது, யாரும் மாற்றாமல் விட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வைத்துத்தான்.

கருவி செத்துவிட்டதா தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ள எம்கியூடிடியின் லாஸ்ட் வில் வசதி, அதாவது இணைப்பு திடீரென அறுந்தால் புரோக்கர் மற்றவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடு, இங்கே உதவாது. ஒவ்வொரு முறையும் முறையாக விடைபெற்றுக்கொண்டு தூங்கும் கருவிக்காக அது ஒலிக்காது. எச்சரிக்கை ஏற்பாட்டை, செய்தியைப் பெறும் கணினியின் பக்கத்தில் வையுங்கள். மணிக்கு ஒருமுறை அனுப்பும் கருவியிடமிருந்து மூன்று மணி நேரம் செய்தி வரவில்லையென்றால் கைப்பேசிக்குத் தகவல் வரட்டும். சிப்பின் உள்கடிகாரம் வெப்பத்துக்கேற்ப முன்பின் ஓடும், அதனால் 60 நிமிடம் 57 ஆகவோ 63 ஆகவோ ஆவது இயல்பு. துல்லியம் வேண்டுமென்றால் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம் ஒன்றை வெளியே இணைக்கலாம். வெப்பநிலை அளக்க அது தேவையில்லை. பெறும் கணினியே செய்தி வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சேர்ந்து வந்த நான்கு அளவுகளையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் போதும்.