பிஸ்டன்: இன்ஜினுக்குள் ஓர் உலக்கை

இத்தாலிய மொழியில் 'பெஸ்தாரே' என்றால் இடித்தல். இடிக்கும் உலக்கைக்குப் 'பெஸ்தோனே' என்று பெயர். அதன் மறுவடிவமான 'பிஸ்தோனே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், இன்ஜின் சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் பாகத்தின் பெயராக, பிஸ்டன் என்று நம்மிடம் வந்தது. உரலில் இடித்துச் செய்யும் 'பெஸ்தோ' என்ற இத்தாலியத் துவையலுக்கும் அதே வேர்தான்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பிஸ்டனை 'முசலம்' என்கின்றன. முசலம் வடசொல்; பொருள் உலக்கை. பலராமன் ஏந்தியிருப்பதும் அதுதான். ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரண்டு மொழிவழிகளிலும் இந்தப் பாகம் உலக்கையாகவே பெயர் பெற்றிருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

உலக்கை முனையில் இரும்புப் பூண் இருக்கும். பிஸ்டனின் பக்கங்களிலும் வளையங்கள் உண்டு; பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் மூன்று. மேல் இரண்டும் வாயுவை அடைத்து நிற்கும்; மூன்றாவது எண்ணெயை வழித்துவிடும். இவை தேய்ந்தால் இழுவை குறையும், நீலப் புகை வரும். 'உலக்கை தேய்ந்து உளிப்பிடி ஆனது' என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்தும்.

ஆனால் உலக்கையைப் போல இது தன் போக்கில் விழுவதில்லை. சிமுலேஷனில், அதாவது கணினியில் இயக்கிப் பார்க்கும் மாதிரியில், பார்த்தால் இது தெளிவாகும். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க்; இரண்டையும் இணைக்கும் தண்டு கனெக்டிங் ராடு. கிராங்க் ஆரம் 40 மில்லிமீட்டர், கனெக்டிங் ராடு 140 மில்லிமீட்டர் என்று கணினிக்குக் கொடுப்போம். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 80 மில்லிமீட்டர். கிராங்க் முதல் கால் சுற்றுச் சுற்றுவதற்குள் பிஸ்டன் 46 மில்லிமீட்டர் இறங்கிவிடும். அடுத்த கால் சுற்றில் மிச்சம் 34 மட்டுமே. ராடு சாய்வதால் வரும் வேறுபாடு இது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால், உச்சியில் பிஸ்டன் நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கு. 300 கிராம் பிஸ்டன் அந்தக் கணத்தில் 600 கிலோவுக்கு மேல் எடை தொங்குவதுபோல ராடை இழுக்கும். புகையை வெளியேற்றும் வீச்சின் முடிவில் எதிரழுத்தம் அதிகம் இல்லாததால் அந்த இழுவை ஏறக்குறைய முழுவதும் ராடின் மேல்தான் விழும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 முறை இப்படி இழுபட்டு, இடையே எரியும் வாயுவால் அமுக்கவும் படுவதால் உலோகம் அயர்ந்து, நுண்ணிய விரிசல் விடும். எத்தனை சுற்றுக்குப் பிறகு விடும் என்று முன்கூட்டிக் கணிப்பதே நம்பகத்தன்மைச் சிமுலேஷனின் வேலை.

தமிழ்நாட்டுக் கலைச்சொல் பட்டியல்களில் 'உந்துதண்டு', 'ஆடுதண்டு' என்ற சொற்கள் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் பிஸ்டன் கவிழ்த்த கிண்ணம் போலிருக்கும்; தண்டு என்பது அதன் கீழே ஆடும் ராடு. ஒர்க்ஷாப்பில் பிஸ்டன் என்றே சொல்லலாம், தவறில்லை. தமிழில் எழுத வேண்டுமென்றால் முசலம், முசல வளையம், முசலத் தலை என்று எழுதுவேன். 'உந்துதண்டுத் தலை' என்று எழுதினால், அது பிஸ்டனின் உச்சியா, ராடின் மேல்முனையா என்று படிப்பவர் கேட்பார்.