வாலிபால் குழுவில் சேர்ந்தவள் ‘மணமகள்’ ஆவது எப்படி?

தென்கொரியாவின் ஜே.எம்.எஸ். என்ற கிறிஸ்தவச் சபை 1980 வாக்கில் சியோல் கல்லூரி மாணவர்களிடையே வளர்ந்தது. அதன் போதகர் ஜங் மியுங் சியோக், பெண் சீடர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 10 ஆண்டு தண்டனை பெற்று 2018இல் வெளியே வந்தார். 2022இல் அதே குற்றத்துக்காக மறுபடி கைது. 17 ஆண்டுத் தண்டனையை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

படித்த பெண்கள் இதில் எப்படிப் போய் விழுந்தார்கள் என்று கேட்டால், ‘மூளைச்சலவை’ என்று பதில் வரும். ஜங் முன்பு இருந்தது, சன் மியுங் மூன் என்ற கொரியப் போதகர் தொடங்கிய ஐக்கிய சபையில். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் அந்தச் சபையின் பயிற்சி முகாம்களுக்குப் போனவர்களைக் கணக்கெடுத்தார். பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. மூளையைச் சலவை செய்யும் இயந்திரம் என்றால், அது ரொம்ப மட்டமான இயந்திரம்தான்.

சரி, மீதிப் பேருக்கு என்ன நடக்கிறது?

கல்லூரி வளாகத்தில் இரண்டு அக்காக்கள் வந்து பேசுவார்கள். நல்ல உயரமாக இருக்கிறாயே, மாடலிங் பழகலாமே என்பார்கள். அல்லது வாலிபால், நடனம், பாட்டுக் குழு என்று கூப்பிடுவார்கள். சபையின் பெயரே வராது. நட்பு இறுகியபின் பைபிள் பாடம் ஆரம்பிக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சுமார் முப்பது பாடங்கள். ஆண்டுக் கணக்குகளைப் போட்டு, மீட்பர் வரவேண்டிய காலம் இதுதான் என்று கடைசியில் காட்டுவார்கள். அந்த மீட்பர் ஜங்தான் என்பதை மாணவியே ‘கண்டுபிடிப்பாள்’. தானே கண்டுபிடித்ததைச் சந்தேகிக்க யாருக்கு மனசு வரும்? அவர் சிறையில் இருக்கிறார் என்று தெரியவரும்போது, இயேசுவையும் இப்படித்தானே தண்டித்தார்கள் என்ற பதில் தயாராக இருக்கும். அப்புறம்தான் ‘கர்த்தரின் மணமகள்’ என்ற பேச்செல்லாம்.

படிப்படியாகக் கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதை 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற உளவியலாளர்கள் இருவரும் கலிஃபோர்னியாவில் அளந்தார்கள். ‘கவனமாக வண்டி ஓட்டுங்கள்’ என்ற அசிங்கமான பெரிய பலகையை வீட்டு முன் நட அனுமதி கேட்டபோது, 17 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். அதே கருத்துள்ள சின்ன அட்டை ஒன்றை இரண்டு வாரம் முன்பே வைக்கச் சொல்லிக் கேட்கப்பட்டவர்களில் 76 சதவீதம் பேர் பெரிய பலகைக்கும் சரி என்றார்கள். முதல் ‘சரி’ சொன்னதுமே, நான் இப்படிப்பட்ட ஆள் என்று நம்மைப் பற்றி நமக்கே ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. விடியுமுன் எழுந்து ஜெபம், தூக்கமின்மை, வீட்டோடு சண்டை என்று விலை ஏற ஏற, இவ்வளவும் வீணா என்று நினைப்பது இன்னும் கடினமாகிறது.

போதகரின் வசீகரம்? டென்மார்க்கில் ஊஃபே ஷோட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தீவிர நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர்களை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து, சிலரின் ஜெபக் குரலை ஒலிக்கவிட்டார்கள். இவர் நம்பிக்கையற்றவர், இவர் சாதாரண கிறிஸ்தவர், இவர் குணமாக்கும் வரம் பெற்றவர் என்று அறிமுகம். உண்மையில் பேசியவர்கள் எல்லோரும் சாதாரண கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் ‘வரம் பெற்றவர்’ பேசும்போது, எடைபோட்டுப் பார்க்கும் வேலையில் பங்குள்ள முன்மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. இதே சோதனையில் கலந்துகொண்ட, மத நம்பிக்கை இல்லாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான், அதைவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனால் வசீகரத்தில் பாதி, முன்கூட்டியே சொல்லிவைத்த அறிமுகத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஜே.எம்.எஸ். மாணவிகள் போதகரைப் பார்க்கும் முன்பே முப்பது பாடம் முடித்திருந்தார்கள்.

சுற்றியிருக்கும் எல்லோரும் ஆமென் சொல்லும்போது ஒருத்தி மட்டும் எப்படி மறுப்பாள்? 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தைக் கேட்டுச் சோதித்தார். மற்றவர்கள் கூடிப் பேசிவைத்துத் தப்பாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்களோடு சேர்ந்து தப்பானது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் அந்தத் தவறுகள் பெரும்பாலும் மறைந்தன. ஜங் விஷயத்தில், ஹாங்காங்கிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த இரண்டு பெண்கள் 2022இல் புகார் கொடுத்தார்கள். அதன்பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள்.