"வயசாயிடுச்சு" என்பது நோயின் பெயர் அல்ல: நாய்களின் மூட்டுத் தேய்மானம்

வெளிர்நிற லேப்ரடார் ஒன்றைத் தோல் அரிப்பு என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். அதற்கு ஒன்பது வயது. இடது பின்தொடையில் உள்ளங்கையளவு இடத்தில் ரோமம் உதிர்ந்து, ஓயாமல் நக்கியதால் எச்சிலின் பழுப்புக் கறையும் ஏறியிருந்தது. உண்ணியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. பின்பாதங்களைத் தூக்கிப் பார்த்தபோது நடுவிரல் நகங்களின் மேற்புறம் தேய்ந்திருந்தது. காலைத் தூக்கி வைக்காமல் தரையில் உரசியபடி நடந்தால் நகம் அப்படித் தேயும். தண்டுவடக் கோளாறிலும் இது வரக்கூடும் என்பதால் அதையும் சோதித்துக்கொண்டேன். பிறகு இடுப்பு மூட்டை மெதுவாகப் பின்னோக்கி நீட்டினேன். நாய் கத்தவில்லை, தலையைத் திருப்பி என் கையைப் பார்த்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டது. வலிக்கிறது என்று அது சொன்ன விதம் அது; தொடையை ஓயாமல் நக்கியதும் அந்த வலியால்தான். மாடிப்படி ஏறுகிறதா என்று கேட்டதற்கு, "வயசாயிடுச்சு டாக்டர், இப்பல்லாம் கீழேயே படுத்துக்கிறான்" என்றார் உரிமையாளர்.

நாயின் மூட்டுவலி பெரும்பாலும் இந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சிதைந்து, மூட்டுறை அழற்சியுற்று, ஓரங்களில் புது எலும்பு முளைக்கும் நோய் இது. மனிதர்களைப்போல் முதுமையில் தானாக வருவதைவிட, பிறவியிலேயே சரியாகப் பொருந்தாத இடுப்பு அல்லது முழங்கை மூட்டு, கிழிந்த முழங்கால் தசைநார், இடம் நழுவும் முழங்கால் சில்லு ஆகியவற்றின் தொடர்ச்சியாகவே நாய்களுக்கு இது அதிகம் வருகிறது. ஆகவே இரண்டு வயது நாய்க்கும் வரலாம். படுத்து எழும்போது விறைப்பாக இருந்து பத்தடி நடந்ததும் சரியாவது, காரில் ஏறத் தயங்குவது, இடுப்பைத் தொட்டால் உறுமுவது போன்றவற்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைக்குள் நுழைந்த பதற்றத்தில் நொண்டும் நாய்கூட நேராக நடந்துவிடும். அதனால் காலையில் நாய் எழுந்திருப்பதைக் கைபேசியில் படம்பிடித்து வரச் சொல்கிறேன். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே அந்த அரை நிமிடக் காட்சி நிறையச் சொல்லிவிடும்.

இந்த லேப்ரடாரின் எடை 41 கிலோ. அதன் உடல்வாகுக்கு 32 கிலோ போதும். தட்டில் போடுவது அளவாகத்தான் இருக்கிறது என்று சாதித்தார்கள். விசாரித்ததில், காலை பால், மதியம் மிஞ்சிய தயிர்சாதம், மாலையில் பாட்டி தம் காபியோடு பகிரும் நான்கு மேரி பிஸ்கட் ஆகியவை எந்தக் கணக்கிலும் வரவில்லை என்று தெரிந்தது. பருத்த நாய் தன் எடையில் சுமார் 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் கண்கூடாகத் தணிகிறது. 41 கிலோவில் அது இரண்டரை கிலோதான். அமெரிக்காவில் ஒரே ஈற்றைச் சேர்ந்த லேப்ரடார் குட்டிகளை இணைகளாகப் பிரித்து, இணையில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவளித்து, மொத்தம் 48 நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வொன்று 2002-இல் வெளியானது. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததோடு, அவற்றுக்கு மூட்டுநோய் சிகிச்சை தேவைப்பட்டதும் சுமார் மூன்று ஆண்டுகள் தள்ளியே. இதற்கு இணையான மாத்திரை எதையும் நான் எழுதித் தந்ததில்லை.

அடுத்தது தரை. வழவழப்பான டைல்ஸில் பின்கால்கள் விரிந்து வழுக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு அடிவாங்குகிறது. நாய் வழக்கமாக நடக்கும் பாதையில் ரப்பர் விரிப்பு போட்டு, நகங்களையும் பாதத்திற்கு அடியில் வளரும் ரோமத்தையும் வெட்டிவிட்டாலே மாற்றம் தெரியும். நடையை நிறுத்தக் கூடாது. தொடைத்தசை மெலிந்தால் மூட்டின் சுமை கூடும். ஞாயிறு ஒருநாள் கடற்கரையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மற்ற நாட்களில் கட்டிவைப்பதைவிட, கயிற்றுடன் தினமும் இரண்டு மூன்று முறை பதினைந்து நிமிடம் நடத்துவதே நல்லது.

வலி மருந்துகள் அவசியமானவை. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவை நாய்க்கென உள்ள மருந்துகளாக, நாயின் எடைக்கேற்ற அளவில் இருக்க வேண்டும். கார்புரோஃபென், மெலாக்சிகாம் போன்றவற்றைத் தொடங்குமுன் கல்லீரல், சிறுநீரகச் செயல்பாட்டை இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டு, நீண்டநாள் கொடுப்பதானால் இடையிடையே மறுபடியும் பார்ப்போம். வீட்டு அலமாரியில் கிடக்கும் ஐபுபுரோஃபெனையும் டைக்ளோஃபெனாக்கையும் நாய்க்குத் தரவே கூடாது. இரைப்பைப் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்பும் வரும். ஸ்டீராய்டு மாத்திரையோடு வலி மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, தார்போலக் கருத்த மலத்துடன் தூக்கி வந்தவர்களும் உண்டு. மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 ஓரளவு உதவுகிறது. மூட்டுக்கென்று விற்கப்படும் குளுக்கோசமைன் என்ற துணைச் சத்துக்குச் சான்று பலவீனம். அந்தப் பணத்தில் ரப்பர் விரிப்பு வாங்கலாம் என்பது என் கருத்து.

பெரிய இனக் குட்டி வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். எலும்பு உறுதியாகட்டும் என்று, குட்டிகளுக்கான முழுமையான தீவனத்தின் மேல் கால்சியம் டானிக்கையும் ஊற்றாதீர்கள். தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தவிர்த்துக்கொள்ளும் திறன் இளங்குட்டியின் குடலுக்குப் போதாது; அது எலும்பு வளர்ச்சியைக் கெடுத்து, பிற்கால மூட்டு நோய்க்கே வித்திடும்.

நான்கு மாதம் கழித்து அந்த லேப்ரடார் மறுபரிசோதனைக்கு வந்தபோது 37 கிலோ இருந்தது. தொடையில் ரோமம் முளைத்திருந்தது. பாட்டி பிஸ்கட்டுக்குப் பதில் இப்போது வெள்ளரிக்காய்த் துண்டு தருகிறாராம். மாடிக்குப் போகிறதா என்று கேட்டேன். போகக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், படிக்கட்டில் கேட் போட வேண்டியதாகிவிட்டது என்றார்கள்.